திருத்தணிக்கு ரயிலா, பஸ்ஸா, காரா?

திருத்தணிக்கு வழி கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: கூட யார் வருகிறார்கள்? படியேறக்கூடியவர்களா, மலைமேல் வரை வண்டி வேண்டியவர்களா? தரிசனம் முடிந்து ஊர் திரும்புவதா, அப்படியே திருப்பதிக்கும் போவதா? இந்தப் பதில்கள் கிடைத்துவிட்டால் வழி தானாக அமைந்துவிடும்.

சென்னையிலிருந்து தனியாகவோ திடமான இருவர் மூவராகவோ போகிறவர்களுக்கு என் பரிந்துரை மின்சார ரயில்தான். சென்ட்ரல் பக்கத்திலுள்ள மூர் மார்க்கெட் வளாகத்தில் ஏறினால் ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாக 80 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பயணம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கட்டணமோ பஸ்ஸுக்குக் கொடுப்பதில் சிறு பங்கு. திருத்தணி வரை நேராகப் போகும் லோக்கல் வண்டிகள் குறைவு, அரக்கோணத்தோடு நிற்பவை அதிகம். அதனால் நேர் வண்டிக்காகக் காத்திருக்காதீர்கள். கிடைத்த வண்டியில் அரக்கோணம் போய் இறங்கினால் மீதி 13 கிலோமீட்டர்தான். வெளியே வந்தால் திருத்தணி பஸ் கிடைக்கும். சப்தகிரி எக்ஸ்பிரஸ் திருத்தணியிலேயே நிற்கிறது, சீக்கிரமும் போய்ச் சேரும். ஆனால் லோக்கல் டிக்கெட்டோடு அதில் ஏறினால் அபராதம் கட்ட நேரிடும். இரண்டுக்கும் டிக்கெட் வேறு.

தெற்கிலிருந்து வருபவர்கள் சென்னைக்குள் நுழைந்து அலையத் தேவையே இல்லை. செங்கல்பட்டில் இறங்கி, காஞ்சிபுரம் வழியாக ரயிலிலோ பஸ்ஸிலோ அரக்கோணம் வந்துவிடலாம். காஞ்சிபுரத்திலிருந்து திருத்தணிக்கே பஸ்ஸும் உண்டு. மதுரை, திருச்சிக்காரர்கள் பலர் இது தெரியாமல் எழும்பூர் போய், அங்கிருந்து சென்ட்ரலுக்கு மூட்டை முடிச்சோடு ஆட்டோ பிடிக்கிறார்கள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

திருத்தணியில் இறங்கியபின் மலையேற மூன்று வழி. ஒன்று, ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகள். காலை வெயில் ஏறுமுன் போனால், சிரமம் அதிகம் தெரியாது. இன்னொன்று மலைப்பாதையில் போகும் கோயில் பஸ். மூன்றாவது ஆட்டோ, ஏறுமுன் போக, வர இரண்டுக்கும் சேர்த்துக் கட்டணம் பேசிவிடுங்கள். முழங்கால் வலி உள்ள என் அம்மாவைப் படியில் நடத்திப் பாதியில் உட்காரவைத்த தவறை நான் ஒருமுறை செய்திருக்கிறேன். பெரியவர்கள் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி ஆந்திர எல்லை. திருத்தணி ஒருகாலத்தில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டமும் அதன்பின் எல்லை பற்றி வந்த படாஸ்கர் தீர்ப்பும் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1 அன்று இவ்வூரைத் தமிழ்நாட்டோடு சேர்த்தன. அந்தக் கோடு இன்றும் பயணியின் சட்டைப்பையில் தெரிகிறது. அடுத்த ஸ்டேஷன் பொன்பாடி தமிழ்நாடு. அதற்கடுத்த வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை ஆந்திரம். ரயிலுக்கு இதனால் ஒரு மாற்றமும் இல்லை, ஒரே டிக்கெட்டில் ரேணிகுண்டா வரை உட்கார்ந்திருக்கலாம். பஸ்ஸில்தான் கதை மாறும். நம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குள்ள இலவசப் பயணம் நகரி, புத்தூர், திருப்பதி போகும் வண்டிகளுக்குப் பொருந்தாது. ஆந்திரத்தில் உள்ள அதே மாதிரித் திட்டம் அந்த மாநிலப் பெண்களுக்கானது. ஜெர்மனியில் 2023 மே முதல் ஒரே மாதச் சீட்டில் நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் போகலாம். மாநில எல்லையைப் பற்றிப் பயணி நினைக்கவே வேண்டாம். திருத்தணிக்கும் நகரிக்கும் நடுவே தினமும் வேலைக்குப் போய்வரும் பெண்களுக்கு அப்படி ஒரு சீட்டு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் உண்மையாகவே ஏங்குகிறேன்.

கார் யாருக்கு? குழந்தையும் முதியவர்களுமாக நாலைந்து பேர் போனால், அல்லது சோளிங்கர் நரசிம்மரையும் அதே நாளில் பார்ப்பதென்றால் கார்தான் சரி. பாடி, அம்பத்தூர், ஆவடி வழி நெரிசல் மிகுந்தது. தாம்பரம் பக்கத்திலிருந்து கிளம்புபவர்கள் வண்டலூரில் வெளிவட்டச் சாலை ஏறி, நெமிலிச்சேரியில் இறங்கித் திருவள்ளூர் சாலையைப் பிடிக்கலாம். வழியில் பட்டரைப்பெரும்புதூர் டோல்கேட் வரும். ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கூடுதலாகக் கட்ட நேரும். திருப்பதி வரை போவதானால், சொந்தக் காருக்குத் தனி அனுமதி தேவையில்லை. மஞ்சள் போர்டு வாடகை வண்டி என்றால் ஆந்திரத்துக்குப் பெர்மிட் உண்டா, வரியை யார் கட்டுவது என்று புறப்படும் முன்பே டிரைவரிடம் கேட்டுவிடுங்கள். பொன்பாடி செக்போஸ்ட் தாண்டியபின் இதைப் பேசினால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 படித்திருவிழாவுக்கும் மட்டும் காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். காவடிகள் சாலை முழுக்க நிறைந்திருக்கும், மலைப்பாதையில் தனியார் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும். ஆடிக் கிருத்திகைக்கு அரக்கோணத்திலிருந்து சிறப்பு ரயில்களும் பல ஊர்களிலிருந்து சிறப்பு பஸ்களும் விடுவது வழக்கம்.

மாலையில் மலை இறங்கியதும் சாப்பிடப் போகுமுன் ஸ்டேஷன் பலகையில் கடைசி லோக்கலின் நேரத்தைப் பாருங்கள். அது போய்விட்டது என்றால் கவலைப்படாமல் அரக்கோணம் பஸ் ஏறுங்கள். மேற்கிலிருந்து சென்னைக்கு வரும் வண்டிகளும் அங்கே சேர்ந்துகொள்வதால், சென்ட்ரல் போக அங்கே வாய்ப்பு அதிகம்.