மல்லரும் காண்போரும்

மற்போர் தமிழர்க்குப் புதியதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவல் நாட்டு ஆமூரிலே பெயர்பெற்ற மல்லனொருவனைப் பொருது வீழ்த்திய செய்தியைச் சாத்தந்தையார் பாடிய பாட்டுக்கள் மூன்று புறநானூற்றில் உள. அவன் தன் தந்தையாகிய தித்தனொடு பகைத்துப் பிரிந்திருந்தவன் என்பர். மகன் மல்லனை வென்ற காட்சியை அத்தந்தை, மகிழினும் மகிழாதொழியினும், ஒருகாற் கண்டானாதல் வேண்டும் என்பது புலவர் விருப்பம். வென்றமை மட்டும் போதாது; அவ்வெற்றியைக் காண்பாரும் வேண்டும். மற்போரின் வரலாற்றை ஆராய்வார் இக்குறிப்பை மறத்தலாகாது. காண்பவர் யார், அவர் எதனைக் காண விரும்பினர் என்னும் இரண்டுமே இக்கலையைக் காலந்தோறும் உருமாற்றி வந்தன.

நெடுங்காலம் காண்பவர் அரசராயிருந்தனர். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் எனப் பெயர் பூண்டதும், கடற்கரைப் பட்டினமொன்று அப்பெயரால் இன்றும் வழங்குவதும் யாவரும் அறிந்தவை. வடஇந்திய சமஸ்தானங்களில் இவ்வழக்கம் பிரித்தானியர் காலத்திலும் நிலைத்தது. மன்னர் பாலும் நெய்யும் வாதுமைப் பருப்பும் அளித்து மல்லரைப் புரந்தனர். மல்லரும் தண்டால், பஸ்கி முதலிய பயிற்சிகளாற் பொழுதெல்லாம் உடலை உருக்கினர். இவ்வாறு வளர்ந்தவருள் தலையாயவர் காமா. 1910 இல் இவர் இலண்டன் மாநகர் சென்றபோது, உயரம் போதாதென்று போட்டியிற் சேர்த்துக்கொள்ள மறுத்தனர். அவர் அறைகூவல் விடுத்து, அமெரிக்கரான பெஞ்சமின் ரோலரை வீழ்த்தினார். பின்னர் அவ்வாண்டு செப்டெம்பர் 10 ஆந் திகதி போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவை எதிர்த்தார். காமாவின் பிடிக்கு அஞ்சிய ஸ்பிஸ்கோ குப்புறப் படுத்துத் தரையைப் பற்றிக்கொண்டார். இரண்டரை மணி நேரத்திற்கு மேலாகியும் அவரைப் புரட்டுதல் இயலவில்லை. போர் முடிவின்றி நின்றது. அடுத்த வாரம் மீண்டும் நடைபெற இருந்த போருக்கு ஸ்பிஸ்கோ வரவேயில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1928 இல், பட்டியாலாவில் இருவரும் மறுபடி பொருதபோது ஒரு நிமிடத்துக்குள் காமா அவரைச் சாய்த்தார்.

இந்த இலண்டன் போரிலே நுணுகி நோக்கத்தக்க செய்தியொன்று உண்டு. உண்மையான மற்போர் எப்பொழுதும் கண்ணுக்கு இனியதன்று. அரசனுக்குப் பொறுமையும் பொழுதும் உண்டு. நுழைவுச்சீட்டுக்குப் பணங்கொடுத்து வந்து, கடைசிப் புகையிரதத்துக்கு விரையும் எழுதுவினைஞனுக்கு அவை இல்லை. ஒருவன் குப்புறக் கிடப்பதைப் பார்ப்பதற்கு அவன் இரண்டாம் முறை வருவானா? மேலைநாட்டில் மற்போரை நடத்திய வணிகர் இதனை விரைவில் உணர்ந்தனர். எவர் வெல்வது, எவ்வளவு நேரத்தில் வெல்வது என்பன முன்னரே பேசி முடிவுசெய்யப்படலாயின. நெடுங்காலம் மறைக்கப்பட்ட இவ்வுண்மையை, 1989 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலே, வரியும் கட்டுப்பாடும் குறையவேண்டி, அவ்வணிகரே வாய்விட்டுக் கூறினர்.

1947 இன் பின் சமஸ்தானங்கள் மறைந்தன. அவற்றோடு பாலும் நெய்யும் மறைந்தன. தோல்வியறியாத காமா, லாகூரிலே நோயாலும் வறுமையாலும் நலிந்தார். எல்லைக்கு அப்பாலிருந்து தொழிலதிபர் ஜி. டி. பிர்லா பணம் அனுப்பி உதவினார் என்பதும், அவ்வுதவி வேண்டியிருந்தது என்பதும் ஒருங்கே எண்ணத்தக்கன. 1960 இல் காமா காலமானார்.

பஞ்சாபில் அமிர்தசரஸ் மாவட்டத்துத் தர்முசக் என்னும் சிற்றூரிலே 1928 இற் பிறந்த தாரா சிங் வேறு வழியிற் சென்றார். 1947 இற் சிங்கப்பூர் சேர்ந்து, பீப்பாய் செய்யும் ஆலையிலே தொழில்செய்துகொண்டு, கிரேட் வேர்ல்ட் அரங்கிலே ஹர்ணாம் சிங்கிடம் மற்பயிற்சி பெற்றார். கிரேட் வேர்ல்ட், நியூ வேர்ல்ட், ஹப்பி வேர்ல்ட் என்னும் கேளிக்கைப் பூங்காக்கள் யாழ்ப்பாணத்தார்க்கு முற்றிலும் அயலானவையல்ல. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணியாற்றி, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியோர் இங்கே எத்துணைப் பேர்!

அவ்வரங்குகளிலே தாரா சிங்குக்கு வாய்த்த எதிரி கிங் கொங். இயற்பெயர் எமில் சாயா. 1909 இல், இன்று ருமேனியாவிலுள்ள பிராசோவ் நகரிற் பிறந்த ஹங்கேரியர். ஏறத்தாழ 400 இறாத்தல் நிறை, அடர்ந்த தாடி, 1933 இல் வெளிவந்த படத்தின் குரங்கரசனிடம் கடன்வாங்கிய பெயர். இவ்வளவும் இருந்தால் அரக்கனுக்கு வேறு வேடம் எதற்கு? அவர் நெறி பிறழ்வார், சபை குமுறும், அழகிய இளைஞர் அவரைத் தூக்கி எறிவார், சபை ஆர்ப்பரிக்கும். இருவரும் நாடு நாடாகச் சென்று பன்முறை பொருதனர். 1962 இல் 'கிங் கொங்' என்னும் பெயராலேயே இந்திப் படமொன்றும் வந்தது. அதிலே தாரா சிங் கதாநாயகரானார்.

இது பொய்யென்று முகஞ்சுளிப்பார் உளர். காத்தவராயன் கூத்திலே கழுவேறியவன், விடிந்தபின் முகம் கழுவி வீடு செல்வான் என்பதை அறியாதார் யார்? ஆயினும் அழாதார் யார்? முடிவு எழுதிவைக்கப்பட்டதேயன்றி, விழுவது எழுதிவைக்கப்பட்டதன்று. 400 இறாத்தலைத் தலைக்கு மேல் உயர்த்துபவன் முதுகும், உயரத்திலிருந்து பலகைமேல் விழுபவன் விலாவும் உடன்படிக்கையை அறியா. 1968 இற் பம்பாயிலே தாரா சிங்கிடம் தோற்ற அமெரிக்க வீரர் லூ தெஸ், மெய்யான மல்லரே தம்மை வென்றார் என்று பிற்காலத்திற் பாராட்டினார். அத்தொழிலை உள்ளிருந்தறிந்தவர் கூறியதாதலின் அது முகமனன்று.

இத்தொழிலைக் கூத்தென்றே ஒப்புக்கொண்டு வளர்த்தவர் மெக்சிக்கோ நாட்டார். சல்வதோர் லுத்தரோத் 1933 இல் அங்கு மற்போர் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே முகமூடி வந்தது. மல்லர் நெறியாளர், முரடர் என இரு கட்சியாயினர். தோற்றவன் முகமூடியை இழத்தல் பெருந்தண்டம். அம்முகத்தோடு அவன் பெயரின் மறையும் போய்விடும். 1942 இல் வெள்ளி முகமூடியணிந்து அரங்கேறிய எல் சாந்தோ, முதலில் முரடர் கட்சியிலிருந்தே புகழ் தேடினார். பின்னரே ஏழைகளின் காவலரெனப் போற்றப்பட்டார். ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தும் முகங்காட்டவில்லை. 1984 ஆம் ஆண்டு தொலைக்காட்சியிலே முகமூடியைச் சற்றே உயர்த்தினார். சில நாட்களுள் இறந்து, அம்முகமூடியோடே அடக்கஞ்செய்யப்பட்டார்.

கிங் கொங்குக்கு அத்தகைய மறைவு இல்லை. தெருவிலும் அவர் கிங் கொங்கே. மோட்டார் விபத்தொன்றின் பின், 1970 இற் சிங்கப்பூரிலே உயிர்நீத்தார். தாரா சிங் 1983 வரை அரங்கில் நின்றார். 1987 இல் தொடங்கிய இராமாயணத் தொலைக்காட்சித் தொடரிலே, அறுபதை அணுகிய வயதில், அநுமானாக வந்து வாலும் கதாயுதமும் தாங்கினார். இம்முறை எதிரில் நின்ற அரக்கர் பலர். அவர்களுள் எவரும் 400 இறாத்தல் இல்லை.