வெயிற்காலமும் வீட்டிலுள்ள முதியோரும்

ஆண்டுதோறும் ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் எமது நாட்டின் மேல் நேராக உச்சங்கொடுக்கின்றது. நுகேகொடை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் அப்போது வெப்பத்தோடு காற்றின் ஈரப்பதனும் சேர்ந்து வாட்டுகின்றது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். ஈரக்காற்றில் அது எளிதில் உலர்வதில்லை.

முதுமையில் வியர்வை குறைகின்றது. தாக உணர்வும் மங்குகின்றது. உடல் நீரிழந்திருக்கும்போதும் "தண்ணீர் வேண்டாம்" என்றே மூத்தவர்கள் கூறுவர். உயர் குருதி அமுக்கத்துக்காக உட்கொள்ளும் சில மாத்திரைகள் சிறுநீரை மேலும் வெளியேற்றுகின்றன. (அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாகாது, வைத்தியரிடம் கேட்பதே முறை.)

உள்ளமும் தப்புவதில்லை. புழுக்கத்தில் இரவுத் தூக்கம் கெடுகின்றது. சினமும் சோர்வும் மிகுகின்றன. வாப்பா திடீரெனத் தடுமாறிப் பேசினால் "வயதாகிவிட்டது" என்று ஒதுக்கிவிடுகின்றோம். அது வெப்பத் தாக்கத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். உடனே குளிர்ந்த இடத்தில் கிடத்தி, ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறுங்கள். 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். நினைவு தெளிவற்றவரின் வாயில் நீர் ஊற்றாதீர்கள்.

2003 ஆகஸ்டில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் வெப்பத்தால் மாண்டனர். பெரும்பாலோர் முதியோர், தனித்து வாழ்ந்தோரும் அவர்களுள் பலர். பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட, பெற்றோர் மட்டும் எஞ்சிய தொடர்மாடி வீடுகள் வெள்ளவத்தையிலும் உண்டு. 2024இல் நோன்பு மாதமும் இவ்வெயிலிலேயே வந்தது. இயலாத முதியவருக்கு மார்க்கம் சலுகை அளித்திருந்தும், வெட்கத்தால் நோற்க முனைவோர் இருக்கின்றனர். தொலைபேசியில் ஸலாம் கூறும்போது, நண்பகலில் என்ன அருந்தினார்கள், இரவில் உறங்கினார்களா என்றும் கேளுங்கள்.