நண்டு வியாபாரமும் நமது கடலும்

கிளியனூருக்குக் கிழக்கே கழுவேலி. அதற்கப்பால் மரக்காணத்து உப்பளங்கள். அவற்றையும் கடந்தால் வங்காள விரிகுடா. உப்பைப் பற்றிப் பேசாதார் இந்நாட்டில் இல்லை. அதே கரையில் பிடிபடும் நண்டையோ, அது கறிச்சட்டியில் விழும் வரையில் எவரும் நினைப்பதில்லை. ஆனால் நண்டு இன்று தேசாந்தர வர்த்தகப் பொருளாகிவிட்டது. நம் செம்படவர்கள் ஓலைக்கால் நண்டென்று அழைக்கும் நீலக்கால் நண்டின் விலையைப் பெரிதும் நிர்ணயிப்பது அமெரிக்க ஜனங்களின் பசியே. இது எவ்வாறு நேர்ந்ததென்பதை நம்மவர் அறிதல் அவசியம்.

அமெரிக்காவின் கீழ்க்கரையில் செஸபீக் என்றொரு விரிகுடா உண்டு. மேரிலாந்து, வர்ஜீனியா என்னும் இரு மாகாணத்து மீனவர்கள் அதன் நண்டை நம்பித் தலைமுறை தலைமுறையாக ஜீவித்து வந்தார்கள். நாளடைவில் பிடிப்பு அளவு மீறிற்று. குளிர்காலத்தில் விரிகுடாவின் வாயிலருகே சேற்றில் புதைந்து கிடக்கும் பெண் நண்டுகளைக்கூட இரும்புப் பற்களுள்ள வாரிகளைக் கொண்டு வாரியெடுத்தார்கள். 1990-களில் பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா முதலிய தேசங்களிலிருந்து டப்பாவில் அடைத்த நண்டுச் சதை மலிவாக வந்து குவிந்தது. உள்ளூர் ஆலைகள் பல மூடப்பட்டன. இறக்குமதியைக் கட்டுப்படுத்தக் கோரிய மனுவை 2000-ல் அமெரிக்க சர்வதேச வர்த்தகக் கமிஷன் தள்ளிவிட்டது.

இறக்குமதியால் ஆலைக்காரர் நஷ்டமடைந்தது ஒரு புறமிருக்க, அதனினும் பெரிய தீங்கொன்று நேர்ந்தது. கடலின் கஷ்டத்தை அது உண்பவனுடைய கண்ணுக்கு மறைத்துவிட்டது. விருந்து மேஜையில் நண்டு குறையவில்லை. ஆகவே விரிகுடாவில் குறைந்ததைப் பற்றி யாருக்குக் கவலை? ஓஷியானா என்னும் சங்கத்தார் 2015-ல் பரீக்ஷித்தபோது, செஸபீக் நண்டு என்று சொல்லி விற்ற நண்டு வடைகளில் நூற்றுக்கு 38 அயல்தேசத்து நண்டு என்று வெளியாயிற்று!

2008-ல் அமெரிக்க சர்க்கார் அந்த மீன்பிடித் தொழில் பேராபத்துக்கு உள்ளானதாகப் பிரகடனம் செய்தனர். வர்ஜீனியா குளிர்கால வாரியைத் தடுத்தது. இரு மாகாணங்களும் பெண் நண்டுப் பிடிப்பை மூன்றிலொரு பங்கு குறைத்தன. 2012-ல் விரிகுடாவின் நண்டுகள் சுமார் 76 கோடியாகப் பெருகின. 2022-ல் மீண்டும் சுமார் 23 கோடிக்கு இறங்கின. 1990-ல் தொடங்கிய கணக்கில் அவ்வளவு குறைந்த தொகை வேறில்லை.

அந்த டப்பாக்களை நிரப்புவோரில் நாமும் இருக்கிறோம். பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடிபடும் நண்டை வேகவைத்து, நம் பெண்கள் சதை பிரித்துக் கொடுக்க, அது கப்பலேறுகிறது. கூலி நமது, லாபத்தின் பெரும்பங்கு எங்கே போகிறதென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. விலை ஏறவே, குஞ்சும் சினையும் தப்புவதில்லை. ஒரு தாய் நண்டு வயிற்றில் சுமப்பது லக்ஷக்கணக்கான முட்டைகள். அதைக் கடலில் திருப்பி விடச் செம்படவனுக்கு மனமில்லாமலில்லை. ஆனால் முன்பணம் வாங்கியவன் அவன், வியாபாரி பார்ப்பதோ தராசு முள்ளை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருக்கிறதே என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். அது விசைப்படகுகளுக்கு உரிய தடை. நண்டு வலை விரிக்கும் நாட்டுப்படகை அது கட்டாது. மேலும் இந்நண்டு வருஷம் முழுவதும் சினை கொள்வது. ஏழையின் படகையும் இரண்டு மாதம் கரையேற்றுவதே பரிகாரம் என்பாருடன் நாம் உடன்படோம். பாரத்தை வாங்குவோன் தலையில் வைக்க வேண்டும். கேரள சர்க்கார் 2017-க்குள் 58 ஜாதிகளுக்குக் குறைந்தபட்ச அளவு விதித்தனர். சினை நண்டையும் சிறு நண்டையும் ஏற்றுமதி ஆலை வாயிலிலேயே மறுக்கச் செய்தால், வலைக்காரனைத் துரத்த வேண்டியதில்லை. தாய்லாந்து மீனவர்கள் சினை நண்டைக் கூண்டிலிட்டு, முட்டை பொரித்துக் கடலில் கலந்த பின்னரே தாயை விற்கிறார்கள். நண்டு வங்கி என்று அதற்குப் பெயர். செலவு அற்பம்.

கழுவேலியை 2021-ல் பறவைகள் சரணாலயமாக்கினார்கள். 2024-ல் அது ராம்சார் பட்டியலிலும் ஏறிற்று. மெத்த சந்தோஷம். அதே உவர்நீரில் வளரும் கழி நண்டுக்கும் சற்று இடம் கொடுக்கலாம். அமெரிக்க வியாபாரி தன் கடலில் நண்டு குறைந்ததும் மறுகடலைத் தேடிக்கொண்டான். மரக்காணத்துச் செம்படவனுக்கு மறுகடல் இல்லை. மீன்வளத் துறையார் இக்கரையில் ஒரு குப்பத்திலேனும் நண்டு வங்கி வைத்துப் பார்க்கட்டும். அதன் செலவை ஏற்றுமதிக்காரரிடம் வசூலிக்கட்டும்.