துரும்பும் உத்திரமும்: கிறித்தவ வாழ்வில் தன்னாய்வின் இடம்

மலைப்பொழிவின் ஒரு பகுதியாகிய மத்தேயு 7:1-5, பிறரைக் குறித்த தீர்ப்பு எதனையும் விலக்குவதாகவே பெரிதும் கொள்ளப்படுகிறது. திருச்சபைப் பொறுப்பில் உள்ளோரின் தவறு சுட்டப்படும்போது, சுட்டியவரை வாயடைக்கவும் இது எடுத்தாளப்படுவதுண்டு. இப்பகுதியின் சொல்லமைப்பு அதற்கு இடந்தரவில்லை.

கிரேக்க மூலத்தில் துரும்பு ‘கார்ஃபோஸ்’. மற்றது ‘தோகோஸ்’, அதாவது கட்டடத்தைத் தாங்கும் பெருமரம். சீர்திருத்தச் சபையாரிடையே வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு இதனை ‘உத்திரம்’ என்கிறது. 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு ‘மரக்கட்டை’ என்கிறது. பின்னது எளிது. எனினும், வீட்டின் உத்திரத்தையே கண்ணுக்குள் வைத்துக்காட்டும் நகைச்சுவை முன்னதில்தான் உயிரோடிருக்கிறது. துரும்பைப் ‘பார்த்தல்’, உத்திரத்தை ‘உணர்தல்’ என மூலம் இரு வேறு வினைகளை ஆள்வதையும் பழைய மொழிபெயர்ப்பு காத்துள்ளது. பிறர் குற்றம் தானே கண்ணிற்படும். தன் குற்றமோ முயன்று உணரப்படவேண்டியது.

ஐந்தாம் வசனத்தில் உத்திரத்தை ‘முதலில்’ அகற்றுமாறு கூறப்படுகிறது. ஆகவே, சகோதரனின் துரும்பை எடுக்கும் பணி கைவிடப்படவில்லை, பின்னுக்கு வைக்கப்படுகிறது. அப்பணிக்கு வேண்டிய தெளிந்த பார்வையே தன்னாய்வின் பயன். அதே அதிகாரத்தின் 15ஆம் வசனம் கள்ளத் தீர்க்கதரிசிகளைக் குறித்து எச்சரிப்பதும் பகுத்தறியும் கடமை நீங்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் ஸ்கேத்திஸ் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி மோசே பற்றிய மரபுச்செய்தி இங்குக் கருதத்தக்கது. தவறிழைத்த துறவி ஒருவரை விசாரிக்க அவை கூடியது. மோசே வர மறுத்தார். மீண்டும் அழைக்கப்பட்டபோது, ஒழுகும் கலத்தில் நீர் நிரப்பிச் சுமந்து வந்தார். காரணம் வினவியோரிடம், தம் பாவங்கள் தமக்குப் பின்னே ஒழுக, அவற்றைக் காணாமல் பிறர் தவற்றைத் தீர்க்க வந்திருப்பதாகக் கூறினார். அவையினர் அத்துறவியை மன்னித்தனர். மோசே முன்பு கொள்ளையராயிருந்தவர் என்பதை நினைவிற்கொண்டால் இச்செயல் வெறும் பணிவுரையாகத் தோன்றாது. ஆயினும், இந்நிகழ்ச்சி வசனத்தின் முற்பாதியையே விளக்குகிறது. தவறினால் இன்னொருவர் துன்புற்றிருப்பின் அவை என்ன செய்திருக்கவேண்டும் என்னும் வினாவை அது எழுப்பவில்லை.

திருக்குறளின் புறங்கூறாமை அதிகாரத்து இறுதிக் குறளும் தன்குற்றம் காணலையே வேண்டுகிறது. அங்கு ஒப்புநோக்கப்படுவது ‘ஏதிலார்’ குற்றம். நற்செய்தியில் அது ‘சகோதரன்’ கண்ணிலுள்ள துரும்பு. அயலார் குற்றத்தைப் பேசாது கடந்துபோகலாம். சகோதரன் கண்ணில் உறுத்துவதை எடுத்தாகவேண்டும். கண் என்பதால், எடுக்கும் கையும் நடுங்கலாகாது.