காந்தத்தை மட்டும் நம்பி எவர்சில்வரை விக்காதீங்க

காயலான் கடையில எவர்சில்வரைக் கொண்டுபோனா, முதல்ல காந்தத்தை வெச்சுப் பார்ப்பாங்க. நல்லா ஒட்டினா 430 மாதிரி ரகம். நிக்கல் கிட்டத்தட்ட கிடையாது, விலை குறைவு. ஒட்டலைன்னா 304-ன்னு எடுத்துக்குவாங்க. அதுல சுமார் 18% குரோமியம், 8% நிக்கல். விலையை ஏத்துறது இந்த நிக்கல்தான்.

ஆனா 201 ரகமும் ஒட்டாது. அதுல நிக்கல் கம்மி, மாங்கனீசு அதிகம். 316-உம் ஒட்டாது, 2-3% மாலிப்டினம் இருக்கிறதால அது 304-ஐ விட விலை கூட. அழுத்தி வளைச்ச 304 சிங்க்கோட மூலையோ லேசா ஒட்டலாம்!

ரகம் மாறினா விக்கிறவருக்குக் காசு போகும், உலையில கலவை கெடும். அதனால மொத்தமா விக்கும்போது எக்ஸ்ஆர்எஃப் கருவியில பார்க்கச் சொல்லுங்க. சில நொடியில எந்த உலோகம் எவ்வளவுன்னு காட்டிடும்.