காலிமனையில் புல் விதைத்தால் குற்றம் குறையுமா?

ஆயிரம் சதுர அடியில் ஒரு காலிமனை. குப்பையை அள்ளி, நிலத்தைச் சமன்செய்து, புல்விதை தூவி, சில மரக்கன்றுகளை நட்டு, சுற்றிலும் தாழ்வான மரவேலி போடுகிறார்கள். ஆகும் செலவு சுமார் 1,600 டாலர். பிறகு ஆண்டுக்கு 180 டாலர் பராமரிப்பு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இப்படிக் காலிமனைகளைச் சீர்செய்து பார்த்தார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்த குடியிருப்புகளில், சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. இந்தத் திட்டத்துக்காகக் காவலர் ஒருவர்கூடக் கூடுதலாக அமர்த்தப்படவில்லை. ஒரு கேமராவும் மாட்டப்படவில்லை.

புல்லுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத்தான் தோன்றும். அந்தச் சம்பந்தத்தைத் தேடிப்போனால், ஊர்ப் பாதுகாப்புக்கு என்று ஒதுக்கும் பணம் எங்கே வேலை செய்கிறது, எங்கே வீணாகிறது, எங்கே கெடுதலே செய்கிறது என்பதெல்லாம் தெளிவாகிறது.

1950இல் பிலடெல்பியாவின் மக்கள்தொகை 20 லட்சத்துக்கு மேல். 2000இல் அது 15 லட்சம். ஆலைகள் மூடின, வேலை போனது, முடிந்தவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். பூட்டிக் கிடந்த வீடுகள் பாழடைந்து இடிக்கப்பட்டன. சுமார் 40,000 காலிமனைகள் மிஞ்சின. பலவற்றுக்கு உரிமையாளர் யாரென்றே தெரியாது. வரி கட்டவும் ஆளில்லை. ஆளுயரத்துக்குச் செடி மண்டிய அந்த மனைகளில் இரவோடு இரவாக லாரியில் வந்து கட்டடக் கழிவைக் கொட்டிவிட்டுப் போவார்கள். பழைய டயர், மெத்தை, உடைந்த குளிர்பதனப் பெட்டி எல்லாம் அங்கே சேரும்.

1827இல் தொடங்கப்பட்டு, மலர்க்கண்காட்சிக்குப் பேர்போன பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம் இந்த மனைகளைக் கையில் எடுத்தது. முதலில் நியூ கென்சிங்டன் என்ற பகுதியில், அங்குள்ள சமூக அமைப்போடு சேர்ந்து முயன்றது. அது பலித்ததும் நகராட்சி நிதி கொடுத்தது; திட்டம் ஆயிரக்கணக்கான மனைகளுக்குப் பரவியது. புல் வெட்டும் வேலை சிறு ஒப்பந்தக்காரர்களுக்கும் அந்தந்தப் பகுதியின் சமூக அமைப்புகளுக்கும் கிடைத்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். பணத்தில் ஒரு பங்கு அதே தெருவில் கூலியாகவே தங்கிவிடுகிறது.

இந்தச் சீரமைப்பின் பலனை அளக்க முனைந்தவர்களில் ஒருவர் சார்லஸ் பிரனாஸ் என்ற நோய்ப்பரவலியல் ஆய்வாளர். காலராவை ஆராய்கிறவர் குடிநீர்க் குழாயைத் தேடுவார் அல்லவா, அந்தக் கண்ணோடு அவர் துப்பாக்கிக் காயங்களை ஆராய்ந்துவந்தார். எந்த இடத்தில் இந்த வன்முறை ஊறுகிறது என்பதே அவர் கேள்வி. சீர்செய்த மனைகளைச் சுற்றிக் குற்றம் குறைந்திருப்பதை முந்தைய பதிவேடுகள் காட்டின. ஆனால் அதை அப்படியே நம்ப முடியாது. மனு கொடுத்து, நச்சரித்து, தங்கள் தெரு மனையைச் சுத்தம் செய்யவைக்கிற மக்கள் இருக்கும் தெருவில் குற்றம் எப்படியும் குறையக்கூடும். அங்கே குறைத்தது புல்லா, அந்த மக்களா? பிரித்துச் சொல்ல ஒரே வழிதான். எந்த மனைக்கு வேலை, எந்த மனைக்கு வேலையில்லை என்பதை மனிதர் முடிவு செய்யாமல் குலுக்கலுக்கு விட்டுவிட வேண்டும்.

அப்படியே செய்தார்கள். 541 மனைகள். சிலவற்றுக்குப் புல், மரம், வேலி என முழுச் சீரமைப்பு. சிலவற்றில் குப்பை அள்ளிச் செடி வெட்டுவதோடு சரி. மீதியைத் தொடவே இல்லை. முடிவுகள் 2018இல் வெளியாயின. ஏழைக் குடியிருப்புகளில், சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை மட்டுமல்ல, வீடு புகுந்து திருடுவதும் 22 சதவீதம் குறைந்திருந்தது. ஏழைப் பகுதிகளை மட்டுமல்லாமல் எல்லாப் பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தால், வெளியே போக அஞ்சுகிறோம் என்பது போன்ற கவலைகள் 58 சதவீதம் குறைந்தன. வெளியில் உட்கார்ந்து பேசுவது, இளைப்பாறுவது 76 சதவீதம் கூடியது. அதே மனைகளுக்கு அருகில் வசித்தவர்களின் மனநிலையையும் அளந்தார்கள். பச்சைப் புல் வந்த இடங்களில், மனச்சோர்வாக உணர்கிறோம் என்று சொன்னவர்கள் 41 சதவீதத்துக்கு மேல் குறைந்தார்கள். குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் அந்த மாற்றம் தெரியவில்லை.

இதன் சூட்சுமம் எங்கே? உரிமம் இல்லாத துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நாள் முழுக்கத் தெருமுனையில் நிற்க முடியாது. போலீஸ் சோதித்தால் சிறைதான். அதனால் துப்பாக்கியைக் கையெட்டும் தூரத்தில், அதே சமயம் தன்னுடையது என்று யாரும் நிரூபிக்க முடியாத இடத்தில் வைக்க வேண்டும். செடி மண்டிய மனையும் டயர்க் குவியலும் இதற்கு வாகானவை. சண்டை மூண்டால் பத்தடி ஓடி எடுத்துவிடலாம். செடியை வெட்டிவிட்டால் ஒளிக்க இடமில்லை. வாய்த்தகராறு வாய்த்தகராறாகவே முடிந்துபோக வாய்ப்புக் கூடுகிறது.

வேலியையும் கவனிக்க வேண்டும். மரத்தூண்கள், இடையில் குறுக்குக் கட்டைகள், நடுவே ஆள் நுழைய ஒரு திறப்பு. பூட்டு இல்லை, முள்கம்பி இல்லை. லாரி உள்ளே வர முடியாது, குழந்தை வரலாம். இந்த இடத்துக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்று ஒரு பக்கம் சொல்கிறது. நீ வந்து உட்காரலாம் என்று மறுபக்கம் சொல்கிறது. மக்கள் வந்து உட்கார்ந்ததும் தெருவுக்குக் கண்கள் முளைக்கின்றன. ராபர்ட் சாம்ப்சனும் உடன் ஆய்வாளர்களும் 1990களில் சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் கேட்டறிந்தது இதோடு பொருந்துகிறது. அண்டை அயலார் ஒருவரையொருவர் நம்பி, ஏதாவது நடந்தால் தலையிடத் தயாராக இருக்கும் பகுதிகளில், ஏழ்மையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், வன்முறை குறைவாகவே இருந்தது.

குற்றத்தை இங்கே விரட்டினால் அடுத்த தெருவுக்குப் போய்விடாதா? நியாயமான கேள்வி. பிலடெல்பியா ஆய்வாளர்கள் அதையும் தேடிப் பார்த்தார்கள். குற்றம் அப்படியே பக்கத்துத் தெருவுக்குக் குடிபெயர்ந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. குற்றங்களில் பல, திட்டமிட்டு ஊரெல்லாம் தேடிச் செய்பவை அல்ல. வாய்ப்பு கண்ணெதிரே கிடப்பதால் நடப்பவை.

அந்த வாய்ப்பு எவ்வளவு சின்ன இடத்தில் ஒளிந்திருக்கும் என்பதற்கு, இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு அருகே ராச்டேல் நகரில் உள்ள கிர்கோல்ட் குடியிருப்பு நல்ல சான்று. 2,280 வீடுகள், எல்லாம் நகராட்சியின் வாடகை வீடுகள். 1980களின் நடுவில் அங்கே வீடு புகுந்து திருடுவது அன்றாடச் செய்தி. உள்துறை அமைச்சகத்தின் ஆதரவோடு ஓர் ஆய்வுக்குழு வந்தது. உளவியலாளர் கென் பீஸ் அதில் ஒருவர். அவர்கள் எடுத்த எடுப்பில் எதையும் வாங்கி மாட்டவில்லை. திருட்டுக் கொடுத்தவர்களிடம் பேசினார்கள், பக்கத்து வீட்டாரிடம் பேசினார்கள், பிடிபட்ட திருடர்களிடமும் உட்கார்ந்து பேசினார்கள்.

இரண்டு சங்கதிகள் வெளியே வந்தன. ஒன்று, அந்த வீடுகளில் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் காசு போட்டால் ஓடும் மீட்டர்கள் இருந்தன. நாணயத்தைப் போட்டால் அடுப்பு எரியும். நிறுவனத்தின் ஆள் வந்து உண்டியலைத் திறந்து எடுக்கும்வரை அந்தக் காசு வீட்டுக்குள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும். எந்த வீட்டில் நுழைந்தாலும் ரொக்கம் நிச்சயம் என்று திருடனுக்குத் தெரியும். ஏழைகளின் வீடு அது. மீட்டரை வைத்ததால் அதுவே கல்லாப்பெட்டியாகிவிட்டது. இரண்டாவது, ஒருமுறை திருட்டுப்போன வீட்டில் மறுபடி திருட்டு நடக்கும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட நான்கு மடங்கு. எந்தச் சன்னல் வழியே நுழைவது, எங்கே என்ன இருக்கும் என்பதெல்லாம் வந்துபோனவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆகவே பணத்தை ஊருக்கெல்லாம் பரப்பித் தூவாமல், திருட்டுப்போன வீடுகளுக்கே முதலில் செலவிட்டார்கள். காசு மீட்டரைக் கழற்றி வேறு வகை மீட்டர் வைத்தார்கள். கதவு சன்னலைப் பலப்படுத்தினார்கள். அந்த வீட்டை ஒட்டிய ஐந்தாறு வீட்டாரை அழைத்து, இதை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். மூன்றே ஆண்டில் திருட்டு 75 சதவீதம் குறைந்தது.

இத்தனை நல்ல செய்திகளுக்கு நடுவே கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மாசசூசெட்சில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்று அடுத்தடுத்த இரு ஊர்கள். ரிச்சர்ட் கிளார்க் கேபட் என்ற மருத்துவர், வறிய குடும்பத்துச் சிறுவர்கள் வழிதவறாமல் காக்க 1930களில் ஒரு பெருந்திட்டம் தீட்டினார். 506 சிறுவர்களை வயது, குடும்பச் சூழல் பார்த்து இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்தார்கள். நாணயம் சுண்டி, ஜோடியில் ஒருவனுக்கு மட்டும் உதவி. சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆலோசகர்கள் வீடு தேடி வந்தார்கள். படிப்புக்கு, மருத்துவத்துக்கு, கோடைக்கால முகாமுக்கு ஏற்பாடு செய்தார்கள். அன்போடு, அர்ப்பணிப்போடு செய்த வேலை அது.

முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியலாளர், நடுவயதை எட்டியிருந்த அவர்களைத் தேடிக் கண்டுபிடித்தார். உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர், அந்தத் திட்டம் தங்கள் வாழ்க்கைக்கு நன்மை செய்தது என்று நன்றியோடு சொன்னார்கள். பதிவேடுகள் வேறு சொல்லின. உதவி பெற்றவர்களில்தான் மீண்டும் குற்றம் செய்தவர்கள் அதிகம், குடிநோயின் அறிகுறி உள்ளவர்கள் அதிகம், இளவயதில் இறந்தவர்களும் அதிகம். கோடை முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பப்பட்ட சிறுவர்களே மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள் என்பது பின்னர் தெரிந்தது. தறுதலைப் பிள்ளைகளை ஒரே இடத்தில் சேர்த்துவைத்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அந்த ஆலோசகர்களின் நல்ல மனத்தில் குறையே இல்லை. பயன்பெற்றவர்களின் வாழ்த்தும் உண்மை. ஆனால் ஒரு திட்டம் பலித்ததா என்பதற்கு அவை இரண்டுமே சாட்சியாகாது. அன்றைக்கு நாணயம் சுண்டாமல் விட்டிருந்தால் இன்றுவரை அது வெற்றித் திட்டம் என்றே பேசப்பட்டிருக்கும்.

பிள்ளைகளுக்குச் செய்யும் எதுவும் பலிக்காது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. 2012இல் சிகாகோவில் வன்முறை மிகுந்த பகுதிகளின் 13 உயர்நிலைப் பள்ளிகளில் படித்த 1,634 பேரில் சிலருக்குக் குலுக்கல் முறையில் எட்டு வாரக் கோடைக்கால வேலை கொடுத்தார்கள். சாரா ஹெல்லர் அவர்களைப் பதினாறு மாதங்கள் பின்தொடர்ந்தார். வேலை கிடைத்தவர்கள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 43 சதவீதம் குறைந்திருந்தது. அதிலும் பெரும்பகுதி, வேலை முடிந்து சம்பளம் நின்ற பிறகு குறைந்தது. கையில் காசு இருந்தது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. மேலாளரிடம் திட்டு வாங்கிப் பொறுத்துக்கொண்ட அனுபவம் அவர்களுக்குள் ஏதோ செய்திருக்கக்கூடும்.

பேட்ரிக் ஷார்கி என்ற சமூகவியலாளர் 264 அமெரிக்க நகரங்களின் இருபது ஆண்டுக்கும் மேலான பதிவுகளைத் திரட்டிப் பார்த்தார். ஒரு லட்சம் பேருக்குப் பத்து உள்ளூர்த் தொண்டமைப்புகள் கூடினால், கொலைவிகிதம் 9 சதவீதம் குறைகிறது என்று கணக்கிட்டார். 1990களில் அமெரிக்காவில் குற்றம் சரிந்ததற்கான புகழில் பெரும்பங்கு காவல்துறைக்கே போனது. மைதானத்தைச் சுத்தம் செய்தவர்களும் மாலைநேர வகுப்பு நடத்தியவர்களும் அந்தக் கணக்கில் அதிகம் வரவில்லை.

நம் நாட்டிலும் இதற்குப் பணம் இருக்கிறது. 2013 மத்திய பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயோடு நிர்பயா நிதி தொடங்கப்பட்டது. அதிலிருந்து பெண்களுக்கான பாதுகாப்பு நகரத் திட்டம் எட்டு நகரங்களுக்கு வந்தது. சென்னையும் அவற்றில் ஒன்று. இத்தகைய நிதி கைக்கு வந்ததும் முதலில் நினைவுக்கு வருவது கேமரா. நாற்பது ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2019இல் வெளியிட்ட முடிவின்படி, கேமராக்கள் குற்றத்தைச் சுமார் 13 சதவீதம் குறைக்கின்றன. வாகன நிறுத்துமிடங்களில் இன்னும் நன்றாக வேலை செய்கின்றன. வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடும்படியான குறைவு தென்படவில்லை. குற்றம் நடந்த பிறகு ஆளைப் பிடிக்கக் கேமரா உதவும், மறுக்கவில்லை. ஆனால் நடக்காமல் தடுப்பது வேறு வேலை. அதற்கு அந்தத் தெருவில் காசு மீட்டர் போல, செடி மண்டிய மனை போல எது குற்றத்துக்கு இடம்கொடுக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கத் தெருவில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டின் நகரங்களில் இப்போது வார்டுதோறும் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்த வழி செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் வார்டில் கூட்டம் நடந்தால் போங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பெண்கள் தவிர்த்துவிட்டுச் சுற்றிப்போகிற சந்து எது, ஏன் என்று எழுந்து சொல்லுங்கள். பாதுகாப்புக்கென்று ஒரு திட்டத்தை அறிவித்தால், இந்தத் தெருவில் இதுவரை என்ன நடந்தது என்று எண்ணிவைத்திருக்கிறீர்களா, ஓராண்டு கழித்துத் திட்டம் வராத தெருவோடு ஒப்பிட்டுக் கணக்குச் சொல்வீர்களா என்று கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.