ஆவண மரத்தில் வழி காணும் முறை

ஆந்திரப் பிரதேசத்தில் 13 ஆக இருந்த ஜில்லாக்கள் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் 26 ஆக்கப்பட்டன. அதற்கு முன் சித்தூர் ஜில்லாவில் 66 மண்டலங்கள் இருந்தன. அவற்றுள் ஒரு பகுதி, நெல்லூர் ஜில்லாவின் சில மண்டலங்களுடன் கூடித் திருப்பதி ஜில்லாவாயிற்று. வேறொரு பகுதி அன்னமய்யா ஜில்லாவிற் சேர்ந்தது. கங்காதர நெல்லூர் மண்டலம் சித்தூரிலேயே நின்றது. ஆயினும், பட்டியலில் அதற்கு முன் நின்ற சந்திரகிரி முதலியன விலகவே, அதன் வரிசை எண் மாறிவிட்டது. "இத்தனையாவது மண்டலம்" என்று எண்ணித் தகவல் எடுக்கும் நிரல் அன்றுமுதல் வேறொரு மண்டலத்தின் மழையளவையோ பள்ளிக் கணக்கையோ கங்காதர நெல்லூருக்கு உரியதாகக் காட்டும். பிழை நேர்ந்ததாகக் கணிப்பொறி அறிவிப்பதுமில்லை. ஆபத்து அதில்தான் உள்ளது.

இதன் காரணத்தை அறிய, எக்ஸ்.எம்.எல்., எச்.டி.எம்.எல். ஆகிய மொழிகளில் எழுதப்பெற்ற ஆவணத்தைக் கணிப்பொறி எவ்வாறு நினைவிற் கொள்கிறது என்பதைக் காணல் வேண்டும். அஃது ஆவணத்தை ஒரு மரமாக அமைத்துக்கொள்கிறது. இங்கே ராஜ்யம் வேர் எனில், ஜில்லாக்கள் அதன் சேய்கள். மண்டலங்கள் ஜில்லாக்களின் சேய்கள். கிராமங்கள் மண்டலங்களின் சேய்கள். ஒவ்வொன்றும் ஒரு கணு எனப்படும். உச்சியிலுள்ள ஆவணக் கணுவைத் தவிர, மரத்திலுள்ள ஒவ்வொரு கணுவுக்கும் தாய் ஒன்றே. ஒரு கணுவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதற்குரிய சொற்கள் 1998 அக்டோபரில் உலக வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட விதிகளில் வரையறுக்கப்பட்டன. தாயை அடைவதற்குப் 'பேரன்ட் நோடு', முதற் சேய்க்கு 'ஃபர்ஸ்ட் சைல்டு', அடுத்த உடன்பிறப்புக்கு 'நெக்ஸ்ட் சிப்லிங்' என்பன அவற்றுட் சில.

புதிதாகப் பயில்வோர் முதலிற் தடுமாறுமிடம் ஒன்றுண்டு. கங்காதர நெல்லூரில் நின்று அடுத்த உடன்பிறப்பைக் கேட்டால், அடுத்த மண்டலம் வருமென்றே எவரும் எண்ணுவர். வருவதோ பெரும்பாலும் வெற்றிடம்! எழுதியவர் வரிகளைப் பிரித்துக் காட்டும் பொருட்டு இட்ட இடைவெளியும் ஓர் எழுத்துக் கணுவாகக் கொள்ளப்படுவதே இதற்குக் காரணம். இத்தொல்லையை நீக்க, உறுப்புக் கணுக்களை மட்டும் காட்டும் 'நெக்ஸ்ட் எலிமென்ட் சிப்லிங்' போன்ற சொற்களை 2008-ஆம் ஆண்டின் விதி வகுத்தது.

இனி, கிளையை இடம் மாற்றுவதைக் கவனிப்போம். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி தாலுகா சித்தூர் ஜில்லாவிலிருந்து சென்னை ராஜ்யத்திற்கு மாற்றப்பட்டபோது, அதன் கிராமங்கள் தாலுகாவுடனேயே சென்றன. ஆவண மரத்திலும் இவ்வாறே. ஒரு கணுவைப் புதிய தாயின்கீழ்ச் சேர்த்தால், பழைய தாயிடமிருந்து அது தானே நீங்கிவிடும். அதன் சேய்களும் உடன் செல்லும். தனியே நீக்க வேண்டுவதில்லை.

இந்த வசதியே ஒரு கண்ணியும் ஆகும். சேய்களின் பட்டியல் உயிருள்ளது. மரம் மாறும் கணமே அதுவும் மாறும். 2022-ஆம் ஆண்டு மாற்றத்தை ஒருவர் நிரலாக எழுதுகிறார் என்று கொள்வோம். ஆங்கில அகரவரிசையில் சந்திரகிரி, சின்னகொட்டிகல்லு, சித்தூர் என மூன்று மண்டலங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னிரண்டும் திருப்பதிக்குச் செல்ல வேண்டியவை. சந்திரகிரியை மாற்றியவுடன், அவ்விடத்திற்குச் சின்னகொட்டிகல்லு நகர்ந்து வருகிறது. நிரலோ எண்ணை ஒன்று கூட்டிக்கொண்டு அடுத்த இடத்தை நோக்குகிறது. அங்கே இருப்பது சித்தூர். சின்னகொட்டிகல்லு பார்க்கப்படாமலே பழைய ஜில்லாவில் தங்கிவிடுகிறது. பட்டியலைக் கடைசியிலிருந்து முதலுக்கு எண்ணிச் சென்றால் இப்பிழை நேராது. மாற்றுவதற்கு முன்பே அடுத்த கணுவைக் குறித்துக்கொள்வதும் தக்க உபாயமே.

எண்ணை விடுத்துப் பெயரைக் கொண்டு தேடலாமே எனின், அதிலும் எச்சரிக்கை வேண்டும். 'நெல்லூர்' என்னும் எழுத்துக்களைத் தேடும் நிரலுக்குக் கங்காதர நெல்லூரும் கிட்டும், கடற்கரை ஜில்லாவான நெல்லூரும் கிட்டும். ஆகவே கிடைத்த கணுவின் தாயை ஒருமுறை கேட்டு, அது சித்தூர்தானா எனச் சரிபார்த்தல் நலம். இதனினும் உறுதியானது குறியீட்டு எண். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி விவரத் தொகுப்பு ஊர்களுக்கும் மண்டலங்களுக்கும் தனித்தனிக் குறியீடு வழங்குகிறது. அந்த எண்ணைக் கணுவின் பண்பாகப் பதித்துவிட்டால், வரிசை எப்படி மாறினும் கணு தவறாது அகப்படும்.

வகுப்பில் இதனைக் காட்டுவதற்குக் கணிப்பொறி வேண்டுவதில்லை. மாணவர் பதின்மரை வரிசையாக நிறுத்தி, அடுத்தடுத்து நிற்கும் இருவரின் கையில் 'திருப்பதி' என்றெழுதிய அட்டையைக் கொடுக்கலாம். ஆசிரியர் ஒன்று, இரண்டு என முன்னோக்கி எண்ணி, அட்டை வைத்திருப்போரை வெளியே அழைக்கட்டும். ஒருவர் விலகியதும் ஏனையோர் நெருங்கி நிற்கட்டும். முடிவில் வரிசையில் அட்டையுடன் ஒரு மாணவர் எஞ்சி நிற்பார். பின்னர் அதையே கடைசி மாணவரிடமிருந்து தொடங்கிச் செய்து பார்க்கலாம்.